தள்ளிவைத்த ஆறு தகடுகள்

கண்ணாடியைக் கையால் தொடாமலே கழுவத் தெரிந்தவள் அந்தத் தொழிற்கூடத்தில் ஒருத்திதான் இருந்தாள். பதினோரு ஆண்டுகளாக அவள் கழுவிய தகடுகளில் ஒரு விரல்ரேகை விழுந்ததில்லை. ஒரு நீர்த்துளி காய்ந்து வட்டமிட்டதில்லை. ரப்பர் உறிஞ்சுப்பிடியை இடக்கையில் ஏந்தி அவள் தகட்டைத் தொட்டியிலிருந்து தூக்கினால், தண்ணீர் திரைச்சீலை இறங்குவதுபோல் ஒரே வீச்சில் வழிந்து கீழே போகும். எழுதுவதும் அந்தக் கையால்தான், சாப்பிடுவதும் அந்தக் கையால்தான், சண்டை வந்தால் நீட்டிப் பேசுவதும் அந்தக் கையைத்தான். ஆகவே இடக்கை என்பதே அவளுக்குப் பெயராகிவிட்டது. காவலாளி முதல் தலைமைப் பொறியாளர் வரை அப்படித்தான் அழைத்தார்கள். அவளும் அதைப் பட்டயம்போல் ஏற்றுக்கொண்டாள்.

அப்படிப்பட்டவளின் முகத்துக்கு நேரே, திங்கட்கிழமை காலை, ஒரு சோதனைக் காகிதத்தை நீட்டி, "இது உன் கையழுக்கு" என்று சொன்னால் எப்படி இருக்கும்?

நீட்டியவர் தலைமைப் பொறியாளர். தொழிலாளர் அவருக்குச் சூட்டியிருந்த பெயர் வடிகட்டி. தண்ணீரை மூன்று முறை வடிகட்டச் சொல்வார்; காற்றை நான்கு முறை வடிகட்டச் சொல்வார்; தமக்கு வரும் தேநீரை இரண்டு வடிகட்டிகளில் இறக்கி, தேயிலையின் வாசனை அறவே போய்விட்டது என்று தெரிந்த பிறகுதான் குடிப்பார். கெட்ட மனிதர் அல்லர். ஆனால் மாசு என்ற சொல் காதில் விழுந்தால் போதும், மனிதர் போர்க்களத்தில் நிற்பார்.

அங்கே உருவானது சூரியத் தகடு. கழுவிய சன்னல் கண்ணாடி அடுப்புக்குள் போனதும், அதன் மீது முதலில் ஓர் உலோகப் பூச்சு. அதன் மீது செம்பு, இண்டியம், காலியம், செலினியம் என நான்கும் அடுப்பில் ஒன்றாகி உருவாகும் ஒரு கறுத்த படலம். தலைமயிரை நாற்பதாகக் கிழித்தால் ஒரு கீற்று எவ்வளவு இருக்குமோ, அவ்வளவே அதன் தடிமன். அந்த மெல்லிய படலம்தான் வெயிலைக் குடித்து மின்சாரத்தைக் கொடுக்க வேண்டும்.

பழைய கண்ணாடி நூறு பங்கு வெளிச்சத்துக்குப் பன்னிரண்டு பங்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தது. ஆனால் அவ்வப்போது ஒரு தகட்டின் ஓரத்தில் படலம் உரியும். உரிந்த இடத்தைச் சோதித்தால் அங்கே சோடியம் இருக்கும். சன்னல் கண்ணாடிக்குள் இயல்பாகவே இருப்பது அந்தச் சோடியம். அடுப்புச் சூட்டில் கசிந்து, உலோகப் பூச்சைத் தாண்டி, மேலேறி வந்துவிடுகிறது. வடிகட்டிக்கு அது போதும். "உள்ளே இருக்கும் பகைவனை உள்ளேயே அடைப்போம்!" என்று கூட்டம் கூட்டி முழங்கினார். ஒரு பக்கத்தில் தடுப்புப் பூச்சு போட்ட புதுக் கண்ணாடி, பெட்டி பெட்டியாக வந்து இறங்கியது. எந்தப் பக்கம் பூச்சு இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாது. ஆகவே அடையாளத்துக்கு ஒரு மூலையை நறுக்கியிருந்தார்கள். கண்ணாடியோடு விதியும் புதிதாக வந்தது. நான்காம் விதி: அடுப்பிலிருந்து வரும் தகட்டின் மேற்பரப்பில் சோடியம் தென்பட்டால், அது மாசுபட்ட தகடு; அதைத் தள்ளுபடிச் சட்டத்தில், அதாவது ஒதுக்கிய தகடுகளுக்கான மரச்சட்டத்தில், நிறுத்த வேண்டும்; விளக்கறைக்கு, அதாவது மின்சாரம் அளக்கும் அறைக்கு, அனுப்பக் கூடாது.

பதினைந்தைத் தொடும் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். ஒன்பதுக்கு விழுந்தது. மூன்று வாரங்களாக ஒன்பது, ஒன்பதரைகூட இல்லை. வருகிற வெள்ளிக்கிழமை, தகடு வாங்க இருக்கும் நிறுவனத்தின் பரிசோதகர்கள் வருகிறார்கள். குறைந்தது நான்கு தகடுகள் பதின்மூன்றைத் தாண்டியாக வேண்டும்.

"ஆறு தகடு," என்றார் வடிகட்டி. "ஆறுலயும் மேற்பரப்புல சோடியம். மத்த நூத்திச் சொச்சத்துல ஒரு பொட்டுகூட இல்ல. இந்த ஆறையும் அடுப்புத் தட்டுல அடுக்கினது யாரு?"

"நான்தான் சார். வியாழக்கிழமை அடுப்பண்ணன் பல்லு புடுங்கப் போயிருந்தாரு. கழுவின கையோட நானே அடுக்கிட்டேன்."

"அதான். சோடியம் எதுல இருக்கு? உப்புல. உப்பு எதுல இருக்கு? வேர்வையில. வேர்வை எங்க இருக்கு?"

"உங்க நெத்தியில இருக்கு சார்."

வடிகட்டி அவசரமாகக் கைக்குட்டையை எடுத்தார்.

"விளையாடாத. கருவி பொய் சொல்லாது."

"நானும் சொல்ல மாட்டேன் சார். என் விரல் ஒரு தகட்டுலயும் படல."

அவர் குரல் சற்றே இறங்கியது. மனிதர் கெட்டவர் அல்லர் என்று சொன்னேனே. "இங்க பாரு. உன்னைக் குத்தம் சொல்லி என்ன ஆகப்போகுது? வெள்ளிக்கிழமை முடிஞ்சதும் கழுவுமேசையை எடுத்துடலாம்னு இருக்கேன். இனிமே கழுவி, மூடி, முத்திரை போட்ட கண்ணாடியாவே வெளியில இருந்து வரட்டும். நீ பொட்டி கட்டுற கொட்டகைக்குப் போயிடு. சம்பளத்துல கை வெக்க மாட்டேன்."

சம்பளத்தில் கை வைக்கவில்லை. அவள் கையிலேயே கை வைத்துவிட்டார். அட்டைத் தூள் பறக்கும் கொட்டகையில் உட்கார்ந்து நாடா ஒட்டலாம். அதுவும் வேலைதான், அதில் இழிவு ஒன்றும் இல்லை. ஆனால் "அழுக்குக் கைக்காரி" என்ற பெயரோடு அங்கே போக வேண்டுமா? அன்று பிற்பகலே இருவர் வந்து, பதினோரு ஆண்டுகளாக அவள் உட்கார்ந்த முக்காலியைக் கொட்டகைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். மீதி நேரமெல்லாம் அவள் நின்றுகொண்டே கழுவினாள்.

வேலை முடிந்ததும் நேரே மேற்பரப்பு அறைக்குப் போனாள். அங்கே இருந்த எக்ஸ் கதிர்க் கருவி, ஒரு பொருளின் மேல்தோலில் என்னென்ன இருக்கின்றன என்று எண்ணிச் சொல்லும். அதன் கீழே என்ன இருக்கிறது என்று கேட்டால் வாய் திறக்காது. அதை ஆண்டவள் முப்பது வயதைத் தொடாத ஓர் ஆராய்ச்சியாளர். நோயாளி ஒருவரையும் பார்க்காத அவளை எல்லோரும் டாக்டர் என்றே அழைத்தார்கள்.

"அக்கா, சத்தியமா நான் எழுதினது 'சோடியம் இருக்கு'ன்னு மட்டும்தான்," என்றாள் டாக்டர், உள்ளே வந்தவளின் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில். "வேர்வைங்கிறது சாரோட சொந்தக் கவிதை."

"கவிதைக்கு என் முக்காலி போயிடுச்சும்மா. எனக்கு ஒண்ணு சொல்லு. வேர்வைன்னா உன் கருவியில எப்படித் தெரியும்?"

"வேர்வையில இருக்கிறது உப்பு. உப்புன்னா சோடியம் ஒத்தையா வராது. குளோரினையும் கூட்டிக்கிட்டு வரும். புருஷன் பொண்டாட்டி விருந்துக்குப் போற மாதிரி."

"சண்டை போட்டுக்கிட்டுத் தனியா வந்திருந்தா?"

டாக்டர் சிரித்தபடியே கணினியில் கோட்டுப்படத்தைத் திறந்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. திரையின் ஓரிடத்தில் சோடியத்தின் முகடு கம்பீரமாக நின்றிருந்தது. குளோரின் நிற்க வேண்டிய இடமோ துடைத்த பலகைபோல் வெறுமையாக இருந்தது.

"அக்கா, குளோரின் இல்லவே இல்ல."

"ஆறுலயுமா?"

ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். ஆறிலும் இல்லை. அது மட்டுமா? ஒவ்வொரு தகட்டையும் டாக்டர் ஐந்து இடங்களில் அளந்திருந்தாள். நடுவிலும் நான்கு மூலைகளிலும் சோடியம் ஏறத்தாழ ஒரே அளவு. விரல் பட்டால் பட்ட இடத்தில் அல்லவா இருக்கும்? இதுவோ பாய் விரித்ததுபோல் பரவியிருந்தது.

"இது மேலேருந்து விழல அக்கா. கீழேருந்து ஏறி வந்திருக்கு. ஆனா எப்படி? நடுவுல தடுப்புப் பூச்சு இருக்கே! அதைத் தாண்டி வரவே முடியாதே!"

அந்தக் கேள்வியைத்தான் அவள் வீட்டுக்குச் சுமந்துகொண்டு போனாள்.

அவள் கணவர் ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தார். கண்ணாடி கழுவுகிறவள் ஒருத்தி, துணி வெளுக்கிறவர் ஒருவர். ஆக, அந்த வீட்டில் கழுவும் தொழிலில் கரைகண்டவர் இருவர். அதனால்தானோ என்னவோ, சாப்பிட்ட பாத்திரங்கள் மட்டும் எப்போதும் தொட்டியில் குவிந்து கிடக்கும்.

"வேலையில கழுவுறது போதாதா, வீட்லயுமா?" என்பார் அவர்.

"அதையே நான் சொன்னா?" என்பாள் அவள்.

அன்று மாலை அவள் வந்ததும் நேரே தொட்டிக்குப் போனாள். பாத்திரங்களைத் தானே தேய்க்கத் தொடங்கினாள். கணவருக்கு அச்சமாகிவிட்டது.

"என்னம்மா, உடம்புக்கு ஏதாவதா?"

"கையழுக்காம் எனக்கு." நடந்ததைச் சொன்னாள். சொல்லச் சொல்லத் தேய்ப்பு வேகமெடுத்தது. அவர் துடைக்கும் துணியோடு வந்து பக்கத்தில் நின்றார்.

"உன் கையா அழுக்கு? நீ கழுவின தட்டுல எனக்கு என் மொகம் தெரியுது. அதனாலதான் நான் குறைச்சலா சாப்பிடுறேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. திரும்பி அவரைப் பார்த்தாள். பார்த்தவள், "என்னங்க, சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கீங்க," என்றாள்.

அவர் குனிந்து பார்த்துக்கொண்டார். சலவைக்கூடத்தின் வெள்ளைச் சட்டை. பையும் இல்லை, பொத்தானும் இல்லை.

"அட, காலையிலேருந்து இப்படியேவா சுத்தினேன்? ஒருத்தனும் சொல்லலையே! ரெண்டு பக்கமும் ஒரே வெள்ளை, யாருக்குத் தெரியப்போகுது? கழுத்துல இருக்கிற சின்னத் துணி அடையாளத்தை வெச்சுத்தான் கண்டுபிடிக்கணும்."

சோப்பு நுரை வழியும் இடக்கை அப்படியே காற்றில் நின்றது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. ஒரு சின்ன அடையாளம். நறுக்கிய மூலை!

மறுநாள் காலை, வாயிற்கதவு திறக்கும்போதே அவள் உள்ளே நின்றாள். அடுப்பறைச் சுவரில் வடிகட்டி தம் கைப்பட எழுதி ஒட்டிய செய்முறைத் தாள் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் மூன்றாவது வரியை அவள் விரல் வைத்துப் படித்தாள்: "தகட்டின் நறுக்கிய மூலை, தட்டின் மேல் விளிம்பில், வேலை செய்யும் கையின் பக்கம் அமைய வேண்டும்."

வேலை செய்யும் கை! எழுதியவருக்கு அது வலக்கை. அடுப்பண்ணனுக்கும் வலக்கை. அங்கே தகடு அடுக்கிய அத்தனை பேருக்கும் வலக்கை. உலகத்தில் வேறொரு கையும் வேலை செய்யும் என்ற நினைப்பே எழுதியவருக்கு வரவில்லை. வியாழக்கிழமை அவள் அந்த வரியைப் படித்தாள். எழுத்துக்கு எழுத்து அப்படியே செய்தாள். தன் வேலை செய்யும் கையின் பக்கம், அதாவது இடப்பக்கம், நறுக்கிய மூலையை வைத்தாள். தகடு நீள்சதுரம்; சுழற்றினால் மூலை கீழ் விளிம்புக்குப் போய்விடும். அப்படி வைக்க வேண்டுமானால் தகட்டைப் புரட்டித்தானே போட வேண்டும்? ஆறு தகடுகளும் தலைகீழாக அடுப்புக்குள் போயின. தடுப்புப் பூச்சு அடியில் கிடக்க, தடுப்பில்லாத பக்கத்தின் மேல் உலோகப் பூச்சும் படலமும் வளர்ந்தன.

டாக்டரும் அடுப்பண்ணனும் வந்து சேர்ந்தார்கள். அடுப்பண்ணனின் கன்னம் இன்னும் வீங்கியிருந்தது. மூவரும் தள்ளுபடிச் சட்டத்தின் முன் நின்று பார்த்தார்கள். கறுத்த பக்கத்திலிருந்து பார்த்தால், மற்றத் தகடுகளில் மூலை வலப்பக்கம் நறுக்கப்பட்டிருந்தது. இந்த ஆறிலும் இடப்பக்கம்.

"அப்ப, வேர்வை இல்ல," என்றார் அடுப்பண்ணன், பாதி வாயால். "ஆனா தங்கச்சி, இதைச் சொன்னா தகட்டைத் தப்பா வெச்சது நீதான்னு ஆயிடுமே? ஒரு குத்தத்துலேருந்து தப்பிச்சு இன்னொண்ணுல மாட்டிக்குவியே? பேசாம என் பேரைச் சொல்லிடு. பல்லு வலியில மாத்தி வெச்சுட்டேன்னு சொல்றேன்."

"நீங்கதான் அன்னிக்கு லீவாச்சே அண்ணே!"

"அட ஆமா."

அவள் அந்த ஆறு தகடுகளையும் பார்த்தாள். கறுப்பாக, வரிசையாக, சுவரைப் பார்த்தபடி அவை நின்றன. குற்றம் சுமத்தப்பட்டவை, விசாரிக்கப்படாதவை. ஒரே ஒரு முறை வெளிச்சத்தின் முன் நிறுத்தி, உன்னால் என்ன முடியும் என்று கேட்க ஆளில்லை. மேலே என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்த்தார்கள், ஓரங்கட்டினார்கள், முடிந்தது கதை. திடீரென்று அவளுக்குத் தன் முக்காலி நினைவுக்கு வந்தது. கோபமும் வந்தது.

"டாக்டர், இந்த ஆறும் எவ்வளவு மின்சாரம் குடுக்கும்னு யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது அக்கா. நாலாம் விதிதான் இருக்கே. விளக்கறைக்கே போகாதே."

அடுத்த நிமிடம் அவள் வடிகட்டியின் மேசை முன் நின்றாள். மற்ற இருவரும் பின்னால் நின்றார்கள்.

"சார், என் கையில அழுக்கு இல்ல. ஆனா தப்பு இருக்கு. ஆறு தகட்டையும் நான்தான் தலைகீழா வெச்சேன்."

குளோரின் இல்லாததையும், மூலையையும், மூன்றாம் வரியையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். வடிகட்டி நாற்காலியில் நிமிர்ந்தார்.

"வேலை செய்யும் கைன்னா வலக்கைன்னு யாருக்கும் தெரியாதா?"

"எனக்குத் தெரியாது சார். நாப்பது வருஷமா இந்தக் கைதான் எனக்கு வேலை செய்யுது." இடக்கையைத் தூக்கிக் காட்டினாள். "அது போகட்டும். அந்த ஆறையும் விளக்கறைக்கு அனுப்புங்க."

"நாலாம் விதி என்ன சொல்லுது?"

"அதை எழுதினது நீங்க. எழுதின கையால ஒரு நாள் தள்ளி வெக்கலாம். ஒரு தடவைகூட வெளிச்சத்துல காட்டாம, இது வெளிச்சத்துக்கு லாயக்கில்லைன்னு எப்படி சார் முடிவு பண்ணீங்க? சுத்தமா இருக்கிற தகடு எல்லாம் ஒன்பது குடுத்துட்டு உள்ள உக்காந்திருக்கு. இது எவ்வளவு குடுக்கும்னு கேக்காமலே வெளியில நிக்குது. தகட்டுக்குச் சுத்தம் வேணுமா, மின்சாரம் வேணுமா? நாம விக்கப்போறது எதை?"

 அடுப்பண்ணன் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"சார், நல்ல தகடு ஒன்பது. இது கெட்ட தகடுன்னே வெச்சுக்குவோம். எவ்வளவு கீழே போயிடும்? சூரியன்கிட்ட நாம திருப்பிக் குடுக்கிற மாதிரியா ஆயிடும்?"

டாக்டருக்குச் சிரிப்பு பீறிட்டது. வடிகட்டிக்கும் உதடு துடித்தது, அடக்கிக்கொண்டார்.

"சரி. ஆறுதான். இந்த ஒரு தடவைதான். வெள்ளிக்கிழமை அந்தத் தகடு பதின்மூணைத் தாண்டினா கழுவுமேசை உனக்கு. தாண்டலேன்னா கொட்டகை. அப்புறம் பேச்சு இல்ல."

"இல்ல சார்."

ஆனால் அவ்வளவு எளிதாகவா முடியும்? சட்டத்திலிருந்து தகடுகளை வெளியே எடுத்துச் சன்னல் ஓரம் பிடித்தபோது மூவர் முகமும் வாடியது. ஐந்து நாள்கள் திறந்த காற்றில் நின்றிருந்த கறுத்த படலத்தின் மேல், மூச்சு விட்டுப் படிந்ததுபோல் ஒரு வெண்மை பூத்திருந்தது.

"சோடியம்தான்," என்றாள் டாக்டர். "தேவைக்கு அதிகமா மேல வந்து உக்காந்தது, காத்துல இருக்கிற ஈரத்தோட சேர்ந்து பூத்துடுச்சு. இதுக்கு மேல அடுத்த அடுக்கு ஒட்டாது அக்கா. பழைய கண்ணாடியில ஓரம் உரிஞ்சது இதனாலதான் இருக்கும். அப்படிப் பாத்தா சார் சொன்னதுலயும் பாதி உண்மை இருக்கு."

"வெள்ளை பூத்தா என்ன பண்ணுவாங்க?"

"என்ன பண்ணுவாங்க?"

"கழுவுவாங்க!"

படலத்தைக் கழுவுவதா? அடுப்புக்கு முன் கண்ணாடியைக் கழுவுவார்கள். அடுப்புக்குப் பின் படலத்தில் தண்ணீர் பட்டதே இல்லை அந்தக் கூடத்தில். டாக்டர் தயங்கினாள்; பிறகு, "ஒண்ணை மட்டும் கழுவாம விட்டுடுவோம். அப்பதான் கழுவினதாலதான்னு சொல்ல முடியும்," என்றாள்.

இடக்கை தொட்டியின் முன் நின்றாள். கொதிக்க வைத்து ஆற்றிய தூய நீர். அதிகச் சூடும் இல்லை, குளிரும் இல்லை. தகட்டைச் சாய்த்து இறக்கினாள். தேய்க்கவில்லை, துடைக்கவில்லை, குழந்தையின் தலையில் நீர் விடும் தாயைப்போல மெல்ல ஆட்டினாள். அறுபது எண்ணி, ஒரே வீச்சில் தூக்கினாள். வெண்மை போயிருந்தது. படலம் எண்ணெய் தடவிய கருங்கல்போல் மின்னியது. இப்படி ஐந்து. ஆறாவதைத் தொடவில்லை.

டாக்டர் ஐந்தையும் மறுபடி கருவிக்குள் வைத்தாள். மேற்பரப்பில் சோடியத்தின் முகடு சுருங்கிச் சிறு மேடாகியிருந்தது. "மேல இருந்த கூட்டம் போயிடுச்சு. உள்ள போனது உள்ளயே இருக்கும். அது என்ன பண்ணுதுன்னு விளக்கு சொல்லும்."

புதன்கிழமை முழுவதும் மேலடுக்குகள் பூசும் வேலை. கழுவாத ஆறாவது தகடு, முதல் அடுக்கின் மருந்துநீரில் இறங்கிய பத்தாம் நிமிடமே, பழைய சுவரின் சுண்ணாம்புபோல் ஓரமெல்லாம் உரிந்து சுருண்டது. பார்த்துக்கொண்டிருந்த வடிகட்டி, "நான் சொல்லல?" என்றார். ஐந்தும் உரியாமல் வெளிவந்தபோது அவர் ஒவ்வொன்றின் ஓரத்தையும் குனிந்து பார்த்தார்.

வியாழக்கிழமை காலை விளக்கறையில் நால்வரும் கூடினார்கள். செயற்கைச் சூரியன் எரிந்தது. முதல் தகட்டை வைத்தார்கள். எண் ஓடி ஓடி நின்றது: பதினான்கு புள்ளி ஒன்று.

"மீட்டர் கெட்டுப்போச்சு," என்றார் வடிகட்டி.

மீட்டரை மாற்றினார்கள். பதினான்கு புள்ளி ஒன்று.

"விளக்கு அதிகமா எரியுது."

விளக்கைச் சரிபார்த்தார்கள். சரியாகவே எரிந்தது. அவரே போய்த் தமது தூய தகடு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். ஒன்பது. எடுத்துவிட்டு இரண்டாவதை வைத்தார். பதின்மூன்று புள்ளி எட்டு. மூன்றாவது பதினான்கு. நான்காவதும் ஐந்தாவதும் பதினான்கைத் தாண்டின. வடிகட்டி உட்கார இடம் தேடினார். முக்காலி கொட்டகையில் இருந்தது. சுவரில் சாய்ந்துகொண்டார்.

"எப்படி?" என்று கேட்டார், மாணவனைப்போல.

"படலம் முழுக்கக் குட்டிக் குட்டிப் படிகம் சார்," என்றாள் டாக்டர். "ஒண்ணுக்கொண்ணு நடுவுல இடுக்கு. வெளிச்சம் எழுப்பிவிடுற மின்சாரம் அந்த இடுக்குல விழுந்து செத்துப்போகுது. கொஞ்சமா சோடியம் போனா, அந்த இடுக்குல போய் உக்காந்து பள்ளத்தை அடைக்குது. மின்சாரம் தாண்டிப் போயிடுது. அளவுக்கு மேல போய் மேல்பரப்புல மிஞ்சினாத்தான் தொல்லை. அதைக் கழுவிட்டா தீந்துது."

வடிகட்டி அந்தக் கறுத்த தகட்டைக் குனிந்து பார்த்தார். "அப்போ, மூணு வாரமா, நம்ம கண்ணாடிக்குள்ளயே இருந்த உதவியை வெளியில வர விடாம நான் காவல் காத்திருக்கேன்."

"பூட்டும் வாங்கிப் போட்டீங்க சார்," என்றார் அடுப்பண்ணன். "பொட்டி பொட்டியா."

இந்த முறை வடிகட்டியே முதலில் சிரித்தார்.

வெள்ளிக்கிழமை பரிசோதகர்கள் வந்தார்கள். தங்கள் மீட்டரையே கொண்டுவந்து ஐந்து தகடுகளையும் அளந்தார்கள். ஐந்தும் பதின்மூன்றைத் தாண்டின. அவர்கள் கையெழுத்திட்டுப் போன கையோடு, வடிகட்டி அடுப்பறைக்குப் போய்ச் சுவரிலிருந்த தாளைக் கிழித்துவிட்டுப் புதிதாக எழுதத் தொடங்கினார். நான்காம் விதி நீங்கியது. அதனிடத்தில் வேறொன்று வந்தது: எந்தத் தகடும் விளக்கைக் காணாமல் தள்ளப்படாது. மிச்சம் இருக்கும் புதுக் கண்ணாடிப் பெட்டிகள் தீரும்வரை, ஒவ்வொரு தகட்டையும் தலைகீழாகவே அடுக்க வேண்டும். அடுப்பிலிருந்து வந்ததும் கழுவுமேசையில் இரண்டாம் கழுவல்.

மூன்றாம் வரியில் பேனா நின்றது. "நறுக்கிய மூலை... இடக்கைப் பக்கம்னு எழுதிடட்டுமா?"

"வேண்டாம் சார்," என்றாள் அவள். "கதவுப் பக்கம்னு எழுதுங்க. கதவு எல்லாருக்கும் ஒரே பக்கம்தான் இருக்கு."

அடுப்பண்ணன் பெருமூச்சு விட்டார். "நல்லவேளை! இடக்கையால சாப்பிடப் பழகணுமோன்னு ராத்திரி ஒத்திகை பாத்தேன். பல்லு இல்லாத பக்கமே போகுது."

மாலை மணி அடிக்கும் நேரம். கழுவுமேசை அருகே அவள் தொட்டியில் புதுநீர் நிரப்பிக்கொண்டிருந்தாள். முற்றத்தின் வழியே ஒருவர் வருவது சன்னலில் தெரிந்தது. தலைமைப் பொறியாளர். தோளில் அவள் முக்காலி. வெள்ளைச் சட்டை முழுவதும் அட்டைத் தூள், தலையிலும் தூள், மூக்கின் நுனியிலும் தூள். வாழ்நாளில் அவ்வளவு அழுக்காக அவரை யாரும் பார்த்ததில்லை. காவலாளி எழுந்து நின்று வணக்கம் வைப்பதா, ஓடிப்போய் வாங்குவதா என்று தெரியாமல் இரண்டையும் பாதி பாதியாகச் செய்தார்.

"யாருகிட்டயாவது சொல்லியிருக்கலாமே சார்," என்றாள் அவள்.

"தூக்கிட்டுப் போகச் சொன்னது நான்தானே." முக்காலியைத் தொட்டியின் வலப்பக்கம் வைத்தார். கைக்குட்டையை எடுத்து அதன் மேலிருந்த தூளைத் துடைக்கத் தொடங்கினார்.

"விடுங்க சார். கழுவுறது என் வேலை."

அவர் கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டார். அவள் முக்காலியை இடப்பக்கம் நகர்த்திப்போட்டு, அதில் ஏறி உட்கார்ந்து, முதல் தகட்டை எடுத்தாள்.